எண்ணுக்கு அகராதி கிடையாது: மருத்துவ அறிக்கையில் பரிசோதனை முடிவுகளைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

டாக்டர் பேசிப் பதிவுசெய்ததை (டிக்டேஷன்) கேட்டு அறிக்கையாக டைப் செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் ஒரு மருந்தின் பெயர் காதில் சரியாக விழவில்லை என்றால் தேடிப் பிடித்துவிடலாம். முதல் இரண்டு அசை கிடைத்தால் போதும், மருந்து அகராதி மீதியைச் சொல்லிவிடும். ஆபரேஷன் கருவியின் பெயரும் அப்படித்தான். எண்ணுக்கு அந்த வசதி இல்லை. 15 என்று அடித்தாலும் 50 என்று அடித்தாலும் ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. இரண்டுமே பார்வைக்குச் சரியான எண்கள்தான். அதனால்தான் பரிசோதனை முடிவுகள் வரும் பத்தியில் பழகிய கைகளும் தவறுகின்றன.

2008-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 8 யூனிட் இன்சுலின் என்பது 80 யூனிட் என்று பதிவானது. அந்த டிக்டேஷன் துணை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்து டைப் ஆனது. அந்த அளவில் மருந்து கொடுக்கப்பட்டு அவர் இறந்துபோனார். 2012-இல் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அது மருந்தின் அளவு, பரிசோதனை முடிவு இல்லை. ஆனால் பிழையின் வடிவம் ஒன்றேதான்: ஓர் எண் மாறியது, படித்த யாருக்கும் அது உறுத்தவில்லை.

1990-களின் கடைசியிலிருந்து சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிஃப்டில் அமெரிக்க மருத்துவமனைகளின் டிக்டேஷனைக் கேட்டு டைப் செய்யும் வேலை நடக்கிறது. நானும் அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், பிறகு க்யூஏ (தரச் சோதனை) எடிட்டராகப் பல வருடம் மற்றவர்களின் ஃபைல்களைத் திருத்தினேன். புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

இதைத் தவிர்க்க வழியே இல்லை. எது இயல்பான அளவு என்று தெரியாதவருக்கு எது தவறாகக் கேட்டது என்றும் தெரியாது. சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் அந்தச் சீட்டு தேவைப்படாத நிலைக்கு வந்துவிட வேண்டும்.

பெரியவர்களுக்கு ஹீமோகுளோபின் பெண்களில் சுமார் 12 முதல் 16, ஆண்களில் 13.5 முதல் 17.5 கிராம். ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பெண்களில் 36 முதல் 46 சதவீதம், ஆண்களில் 41 முதல் 53. வெள்ளையணு 4,500 முதல் 11,000. பிளேட்லெட் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம். சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5.0, குளோரைடு 98 முதல் 106, பைகார்பனேட் 22 முதல் 28. பியூஎன் என்று சொல்லும் யூரியா நைட்ரஜன் 7 முதல் 20, கிரியாட்டினின் 0.6 முதல் 1.2. வெறும் வயிற்றுச் சர்க்கரை 70 முதல் 99. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தத்தின் பிஹெச் 7.35 முதல் 7.45. லேபுக்கு லேப் இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். அது பரவாயில்லை, உங்களுக்கு வேண்டியது ஒரு குத்துமதிப்பு.

அதோடு இன்னொன்றையும் படியுங்கள்: உயிரோடு இருக்கும் மனிதரிடம் எந்த எண் வரவே வராது என்பது. பொட்டாசியம் 6.8 வரலாம், ஆபத்து, ஆனாலும் வரலாம். 42 வராது. அது நிச்சயம் 4.2, டாக்டர் 'ஃபோர் டூ' என்று வேகமாகச் சொல்லியிருப்பார். ரத்த பிஹெச் 6.2 என்று கேட்டால் அது சிறுநீர் பிஹெச்சாக இருக்கலாமே என்று யோசியுங்கள். சிறுநீரில் 6.2 ரொம்ப சாதாரணம்.

காதைப் பழக்குவது

ஒரு நாள் இரவு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"ஹெமடோக்ரிட் பதிமூணுதாங்க்கா கேக்குது. மூணு தடவ கேட்டுட்டேன்."

"ஹீமோகுளோபின் எவ்ளோ போட்டிருக்கே?"

"பத்து புள்ளி ஒண்ணு."

"அதை மூணால பெருக்கிப் பாரும்மா."

கேட்காமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்போனை மாட்டி, ஆடியோவை ஓட்டி நிறுத்தும் ஃபுட் பெடலை மெதுவாக மிதித்து, நாலாவது தடவை கேட்டாள். தர்ட்டி.

இதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. நம் ஊரில் இங்கிலீஷ் பேசும்போது தர்ட்டி, தர்ட்டீன் இரண்டிலும் 'ட்ட' அழுத்தமாக வரும், கடைசியில் வரும் 'ன்' ஒன்றுதான் வித்தியாசம். அதனால் நம் காது அந்த 'ன்'-ஐ மட்டுமே தேடும். அமெரிக்கர்களின் பேச்சில் வித்தியாசம் வார்த்தையின் நடுவிலேயே இருக்கிறது. 30 சொல்லும்போது அந்த 'ட்ட' இளகி 'தர்டி' என்று, கிட்டத்தட்ட 'ட'வுக்கும் 'ர'வுக்கும் நடுவே ஓர் ஒலியாக வழுக்கிப் போகும். 13 சொல்லும்போது 'ட்டீ' கூர்மையாக, காற்றோடு வெடிக்கும், அழுத்தமும் பின்பாதியில் விழும். 40-14, 80-18 ஜோடிகளும் அப்படியே. எனவே கடைசி 'ன்'-ஐத் தேடாதீர்கள். அடுத்த வார்த்தை மூக்கொலியில் தொடங்கினால் அந்த 'ன்' அதில் கரைந்துவிடும். நடுவில் உள்ள 'ட்ட' இளகுகிறதா வெடிக்கிறதா என்று கேளுங்கள்.

15-50, 16-60 ஜோடிகள் கஷ்டம். அவற்றில் நடுவே உள்ள ஒலி இரண்டிலுமே ஓரளவு கூர்மையாக வரும். அங்கே அழுத்தம் எந்தப் பாதியில் விழுகிறது என்பதுதான் கைகொடுக்கும். அப்படியும் தெளியவில்லை என்றால், கீழே சொல்லப்போகும் உறவு சோதனைதான் வழி.

'ஓ' என்ற எழுத்தைச் சுழியமாகச் சொல்வது அடுத்த விஷயம். 'ஒன் ஓ டூ' என்றால் 102. 'பாயிண்ட் ஓ ஒன்' என்றால் 0.01. இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற பரிசோதனைகளில் 0.1-க்கும் 0.01-க்கும் நடுவே ஒரு மாரடைப்பே இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் அந்த 'ஓ' வருகிறதா இல்லையா என்று பெடலை விட்டுவிட்டு மிதித்துக் கேளுங்கள். இன்னொரு பழக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்: பரிசோதனைப் பத்தி தொடங்கியதும் பிளேபேக் வேகத்தைக் குறையுங்கள். கதை சொல்லும் பகுதியை எவ்வளவு வேகத்தில் அடித்தாலும் சரி, லேப் வந்தால் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும். லைன் கவுண்ட் (அடித்த வரிகளின் கணக்கு) குறையுமே என்று பயப்பட வேண்டாம், குறைவது சில வரிகள்தான்.

பெயர் சொல்லாத எண்கள்

பழகிய டாக்டர்கள் பரிசோதனையின் பெயரையே சொல்ல மாட்டார்கள். 'லேப்ஸ் ஆன் அட்மிஷன், சோடியம் ஒன் தர்ட்டி எய்ட், ஃபோர் டூ, ஒன் ஓ ஒன், ட்வென்டி சிக்ஸ், ஃபோர்ட்டீன், பாயிண்ட் நைன், ஒன் ஓ டூ' என்று ஒரே மூச்சில் போய்விடுவார்கள். முதல் பரிசோதனைக்கு மட்டும் பெயர், மீதி ஆறுக்கும் வரிசைதான் பெயர். அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த வரிசை வழக்கமாக சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், பியூஎன், கிரியாட்டினின், சர்க்கரை என்று போகும். கெம்-7 என்பது இதைத்தான். டாக்டர்கள் கையால் எழுதும்போது மீன்முள் மாதிரி ஒரு கோடு கிழித்து இந்த ஏழையும் அதன் கிளைகளில் எழுதுவார்கள். நீங்களும் ஒரு தாளில் அந்த மீன்முள்ளை வரைந்து பத்து ஃபைலுக்கு நிரப்பிப் பாருங்கள், வரிசை மறக்கவே மறக்காது.

மேலே உள்ள டிக்டேஷன் இப்படி ஆகும்: சோடியம் 138, பொட்டாசியம் 4.2, குளோரைடு 101, பைகார்பனேட் 26, பியூஎன் 14, கிரியாட்டினின் 0.9, குளுக்கோஸ் 102. சொல்லாத பெயரை நாம் சேர்க்கலாமா என்றால், அது அந்த மருத்துவமனையின் அக்கவுண்ட் விதியை (அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று அவர்கள் தரும் விதி) பொறுத்தது. பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அனுமதிக்காத இடத்தில் சொன்னபடியே விடுங்கள்.

'ஹெச் அண்ட் ஹெச்' என்றால் ஹீமோகுளோபினும் ஹெமடோக்ரிட்டும், அந்த வரிசையில். தமனி ரத்த வாயு என்றால் பிஹெச், கார்பன் டையாக்சைடு, ஆக்சிஜன், பைகார்பனேட். 'செவன் த்ரீ எய்ட், ஃபார்ட்டி டூ, எய்ட்டி எய்ட், ட்வென்டி ஃபோர்' என்றால் 7.38, 42, 88, 24. சிறுநீரின் அடர்த்தியை 'டென் ட்வென்டி' என்பார்கள். அது 1,020 இல்லை, 1.020. 'வைட் கவுண்ட் லெவன் ஃபோர்' என்றால் 11.4, அதாவது பதினோராயிரத்து நானூறு. 'பிளேட்லெட்ஸ் டூ ட்வெல்வ்' என்றால் 212,000.

இங்கே நம்மவர்கள் மட்டும் செய்யும் ஒரு தவறு உண்டு. கை பழக்கத்தில் 2,12,000 என்று நம் ஊர்க் கணக்கில் காற்புள்ளி போட்டுவிடுவார்கள். அமெரிக்க அறிக்கையில் மூன்று மூன்று இலக்கமாகத்தான் பிரிக்க வேண்டும். 2,12,000-ஐப் பார்க்கும் அங்குள்ள நர்ஸுக்கு நடுவில் ஓர் இலக்கம் விட்டுப்போனது போலத் தோன்றும்.

உறவு சோதனை

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் நல்ல ஆளையும் சுமாரான ஆளையும் பிரிப்பது இதுதான். தனி எண்ணுக்கு அகராதி கிடையாது, சரி. ஆனால் பரிசோதனை எண்கள் தனியாக வருவதில்லை, சொந்தபந்தத்தோடு வருகின்றன. பக்கத்து எண்ணை விசாரித்தால் இது சரியா என்று அது சொல்லிவிடும்.

ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய ஹெமடோக்ரிட் வரும். அந்தப் பெண்ணின் ஃபைலைக் காப்பாற்றியது இதுதான்.

வெள்ளையணு வகைப் பிரிப்பில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் எல்லாம் கூட்டினால் 100 வர வேண்டும். டாக்டர் சிலவற்றை விட்டுவிட்டுச் சொன்னால் 100-க்குக் கீழே நிற்கும், அது தவறில்லை. 100-ஐத் தாண்டினால்தான் எங்கோ 15 என்பது 50 ஆகியிருக்கிறது.

சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் ஆனயான் கேப். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 138-லிருந்து 101-ம் 26-ம் போனால் 11, இயல்பு. அது கழித்தல் கணக்கில் 40 என்று வந்து, நோயாளி மூட்டுவலிக்கு வந்தவர் என்றால், ஓர் எண் தப்பாக விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சர்க்கரை ஏறி, ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸில் ஐசியூவில் இருப்பவர் என்றால் கேப் பெரிதாக இருப்பதுதான் நியாயம்.

பியூஎன் 15-ஆ 50-ஆ? கிரியாட்டினினைப் பாருங்கள். 0.9 என்றால் பெரும்பாலும் 15. 3.2 என்றால் 50. ஆனால் குடலில் ரத்தக் கசிவு உள்ளவருக்கு கிரியாட்டினின் இயல்பாக இருக்கும்போதே பியூஎன் ஏறும். அதனால் எதற்காக அட்மிட் ஆனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அறிக்கையின் மற்ற பகுதிகளும் சாட்சிதான். நோய்ப் பட்டியலில் ஹைப்போகலீமியா (பொட்டாசியம் குறைவு) என்று இருந்து, பொட்டாசியம் மாத்திரை கொடுத்ததாகவும் இருந்தால், லேபில் உள்ள பொட்டாசியம் 3.1-ஆகத்தான் இருக்கும், 5.1-ஆக இருக்காது. ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) குழப்பமும் இதே வழியில் தெளியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கொத்துக் கொத்தாக கிராம் பாசிட்டிவ் காக்கை (cocci, உருண்டை வடிவ பாக்டீரியா) என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் பக்கம் போகும், சங்கிலியாக என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கிராம் நெகட்டிவ் என்று கேட்டு, கடைசியில் ஸ்டாஃப் ஆரியஸ் என்று வந்தால் முதல் வார்த்தையைத் திரும்பக் கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறவு சோதனை சந்தேகப்படுவதற்கு மட்டும்தான், திருத்துவதற்கு இல்லை. ஹீமோகுளோபின் மூன்று மடங்கு என்ற கணக்கு சில நோய்களில் பொருந்தாது. கணக்கு இடித்தால் திரும்பக் கேளுங்கள். திரும்பக் கேட்டும் அதே எண் தெளிவாகக் கேட்டால் அதை அப்படியே எழுதி, குறிப்புப் போடுங்கள். கணக்குக்குப் பொருந்தும்படி நீங்களாக ஓர் எண்ணைப் போட்டால், அது அந்த நோயாளியின் ரத்தத்தில் இல்லாத எண்.

புள்ளி, சுழியம், அலகு

புள்ளிக்கு முன்னால் எப்போதும் சுழியம். 'பாயிண்ட் நைன்' என்றால் 0.9. சுழியம் இல்லாமல் வெறும் புள்ளியோடு விட்டால் தாளில் அந்தப் புள்ளி மங்கி 9 ஆகிவிடும்.

புள்ளிக்குப் பின்னால் வரும் சுழியத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன், 2004-இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மருந்தின் அளவை 5.0 என்று எழுதக் கூடாது, 5 என்றே எழுத வேண்டும் என்பது அதில் ஒன்று. புள்ளி தெரியாவிட்டால் 50 ஆகிவிடும் என்ற பயம். இதைப் பயிற்சியில் படித்த நம் பிள்ளைகள் லேபிலும் 4.0-ஐ 4 ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலே லேப் முடிவுகளுக்கும், ஸ்கேனில் வரும் கட்டியின் அளவுக்கும், டியூப் அளவுக்கும் விலக்கு தருகிறது. பொட்டாசியம் 4.0 என்றால் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து பார்த்தார்கள் என்று பொருள். டாக்டர் 'ஃபோர் பாயிண்ட் ஓ' என்று சொல்லியிருந்தால் 4.0 என்றே இருக்கட்டும்.

யூனிட் என்பதற்கு ஒற்றை எழுத்துச் சுருக்கம் வேண்டாம், முழுதாக எழுதுங்கள். அந்த எழுத்தை அவசரத்தில் சுழியமாகவோ நாலாகவோ படித்தவர்கள் உண்டு, அதனால்தான் அதுவும் பட்டியலில் இருக்கிறது. மைக்ரோகிராமுக்கு கிரேக்க எழுத்துப் போடாமல், மூன்றெழுத்துச் சுருக்கம் போடுவது பாதுகாப்பு.

அலகை டாக்டர் சொல்லவில்லை என்றால் ஊகித்துச் சேர்க்காதீர்கள், அக்கவுண்ட் விதி அனுமதித்தால் ஒழிய. ஒரு நாட்டு அலகை இன்னொரு நாட்டு அலகாக மாற்றுவதோ கூடவே கூடாது. பிரிட்டனில் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள், 5.5 என்றால் ஆள் நலம். அமெரிக்க மில்லிகிராம் கணக்கில் அது 99. கிரியாட்டினினும் அங்கே மைக்ரோமோலில் 80 என்று வரும், அமெரிக்காவில் 0.9. எந்த நாட்டு ஃபைல் என்று முதலில் பார்த்துவிட்டால் இந்த எண்களைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை.

தேதியும் வரிசையும்

ஒரே குடும்பத்துப் பரிசோதனைகளைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே வாக்கியமாக எழுதுங்கள். குடும்பம் மாறினால் முற்றுப்புள்ளி. ரத்த அணுக்கள் ஒரு வாக்கியம், உப்புகள் அடுத்த வாக்கியம், சிறுநீர் இன்னொன்று. டாக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாலும் படிக்கிறவருக்கு மூச்சு விட இடம் வேண்டும். பிஹெச்-இல் முதல் எழுத்து எப்போதும் சின்ன எழுத்து. வாக்கியத்தின் முதல் வார்த்தையாக அது வரும்போது, 'ரத்த பிஹெச்' என்பதுபோல முன்னால் ஒரு சொல் சேர்க்க விதி இடம்கொடுத்தால் சேர்த்துவிடுங்கள்.

ஒரே பரிசோதனை பல நாள் எடுக்கப்பட்டிருந்தால் எந்த எண் எந்த நாளுக்கு என்பது எண்ணைப் போலவே முக்கியம். அட்மிஷனில் ஹீமோகுளோபின் 10.2, டிஸ்சார்ஜில் 8.1 என்றால் ரத்தம் போயிருக்கிறது. இடம் மாறினால் தேறி வீட்டுக்குப் போனதாக ஆகிவிடும். தேதியில் இன்னொரு பொறி: அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் சொல்வார்கள். 'த்ரீ ஃபோர்' என்றால் மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத விதி இடம்கொடுத்தால் அப்படியே எழுதிவிடுங்கள்.

ஸ்கேன், ஈசிஜி, பயாப்ஸி

இங்கே எண்ணைவிடச் சின்ன வார்த்தைகள் ஆபத்து. 'நோ எவிடன்ஸ்' என்பதும் 'நியூ எவிடன்ஸ்' என்பதும் காதில் ஒரு மூச்சளவு வித்தியாசம்தான், பொருளோ நேர் எதிர். வலது, இடது கேட்கும்போதே கையில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கையில் விவரம் ஒரு தடவையும் கடைசியில் முடிவுரை ஒரு தடவையும் வரும். மேலே வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி என்று சொன்னவர் கீழே இடது என்று சொன்னால் அது நீங்கள் தீர்க்க வேண்டிய வழக்கில்லை. இரண்டையும் சொன்னபடி எழுதி, முரண்படுகிறது என்று டாக்டருக்குக் குறிப்பு அனுப்புங்கள்.

மில்லிமீட்டரா சென்டிமீட்டரா? நுரையீரலில் 3 சென்டிமீட்டர் வரைதான் நாட்யூல் என்பார்கள், அதைத் தாண்டினால் மாஸ். '4 சென்டிமீட்டர் நாட்யூல்' என்று கேட்டால் காது நிமிர வேண்டும். பெரும்பாலும் அது 4 மில்லிமீட்டர்.

ஈசிஜியில் கை கால் லீடுகளை (இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் கோணங்கள்) ரோமன் எண்ணில் எழுதுவது மரபு, மார்பு லீடுகள் வி1 முதல் வி6 வரை சாதாரண எண். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகியவற்றில் எஸ்டி என்ற அலைப்பகுதி உயர்ந்தால் இதயத்தின் கீழ்ச்சுவர், வி1 முதல் வி4 வரை என்றால் முன்சுவர். லீடும் சுவரும் பொருந்துகிறதா என்று பார்த்தால் அங்கேயும் உறவு சோதனை நடந்துவிடுகிறது. எம்ஆர்ஐயில் டி1, டி2 என்பது படமெடுக்கும் முறையாகவும் இருக்கும், முதுகெலும்பின் எண்ணாகவும் இருக்கும், பின்னால் 'வெயிட்டட்' வருகிறதா பாருங்கள்.

ப்ராஸ்டேட் பயாப்ஸியில் புற்றுநோயின் தீவிரத்தைக் குறிக்கும் க்ளீசன் 3+4 என்பதும் 4+3 என்பதும் கூட்டினால் 7 தான். ஆனால் எது முதலில் வருகிறதோ அந்த வகைதான் அதிகம் இருக்கிறது என்று பொருள், 4+3 மோசமானது. கூட்டல் சரியாக வருகிறதே என்று வரிசையைக் கோட்டைவிடாதீர்கள்.

லேப் தாளைப் பார்த்து டைப் செய்பவர்களுக்கு

நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் டிக்டேஷன் இல்லை. லேப் தாளைப் பக்கத்தில் வைத்து டிஸ்சார்ஜ் சம்மரி அடிப்பார்கள். இங்கே தவறுவது காது இல்லை, கண். ஒரு ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு அடியுங்கள், கண் அடுத்த வரிக்கு வழுக்காது. டெங்கு காலத்தில் பிளேட்லெட்டை ஒரு லேப் 0.4 லட்சம் என்றும், இன்னொன்று 40,000 என்றும் தரும். ஒரே சம்மரியில் இரண்டையும் கலக்காமல் ஒரே முறையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடுத்துப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாது.

முந்தைய நோயாளியின் ஃபைலைத் திறந்து அதன் மேலேயே அடிக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். மாற்ற மறந்த ஒரே ஒரு வரி போதும், ஒருவரின் கிரியாட்டினின் இன்னொருவருக்குப் போய்விடும். காலியான டெம்ப்ளேட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தாளின் மேலே உள்ள பெயர், வயது, மருத்துவமனை எண், ரத்தம் எடுத்த நேரம் நான்கையும் பார்த்த பிறகுதான் முதல் எண்ணை அடிக்க வேண்டும்.

பிளாங்க் விடுவது

மூன்று தடவை கேட்டும் தெளியாத எண்ணைக் காலியாக விட வேண்டும். ஆடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறிக்க வேண்டும். '15-ஆ 50-ஆ தெளிவில்லை' என்று கேட்டதையும் எழுதினால் டாக்டருக்கு வேலை சுலபம். புதியவர்கள் பிளாங்க் விட்டால் மதிப்பெண் குறையும் என்று பயந்து ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். க்யூஏவில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன்: நியாயமான பிளாங்குக்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. ஊகித்துப் போட்ட எண்ணுக்கு விட்டுக்கொடுத்ததும் இல்லை. பிளாங்க் கண்ணில் படும், யாராவது நிரப்புவார்கள். ஊகித்த எண் கண்ணில் படாமல் ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கும்.

தெரியாத வார்த்தைக்கு ஆடியோவை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், ஆனால் அதில் நோயாளியின் பெயர் போய்விடலாம். அமெரிக்க ஃபைல் என்றால் நோயாளி விவரங்களைக் காக்கும் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம், இங்கேயும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுங்கள், அது போதும்.

மெஷின் எழுதிய வரைவு

இப்போது பெரும்பாலான வேலை எடிட்டிங். பேச்சைக் கேட்டு மென்பொருள் எழுதித் தருகிறது, நாம் திருத்துகிறோம். மென்பொருள் பிளாங்க் விடுவது அபூர்வம். தெரியாவிட்டாலும் ஓர் எண்ணைத் தெளிவாக எழுதிவிடும். திரையில் 50 என்று பார்த்துவிட்டுக் கேட்டால் காதிலும் 50 என்றே விழும், எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. அதனால் லேப் பத்தி வந்ததும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, முதலில் கேட்டு, எண்களை ஒரு நோட்டில் எழுதி, அப்புறம் திரையோடு ஒப்பிடுகிறேன். மருத்துவமனை விதி எதுவோ அதன்படி அந்தத் தாளை ஷிஃப்ட் முடிந்ததும் கிழித்துவிட வேண்டும்.

ஃபைலை அனுப்பும் முன் எண்களை மட்டும் ஒரு தடவை கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலிருந்து படித்தால் மனம் கதையைப் படிக்கும், எண்ணைத் தாண்டிவிடும். அப்புறம், டாக்டர் நிரப்பித் திரும்பி வந்த பிளாங்குகளைத் தேடிப் போய்ப் பாருங்கள். நோயாளியின் விவரம் எதுவும் இல்லாமல், 'இந்தக் குரலுக்கு நான் 60 என்று நினைத்தது 16' என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதே டாக்டரின் அடுத்த ஃபைல் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே வரும்.